கறுப்புவெள்ளைத் தம்பி

இந்த வீட்டு மருமகளுக்கு இரண்டு அத்தைகள். ஆள் என்னவோ ஒருவர்தான்.

முதல் அத்தை அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் எழுதியதில் சிவப்புப் பேனாவால் தப்பு கண்டுபிடிப்பது அவருடைய வேலை. வீட்டுக்குக் கிளம்பும்போது பேனாவைப் பைக்குள் போட்டுவிடுவார்; வேலையை மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுவார். மருமகள் கவிழ்த்து வைத்த தட்டுகள் நிமிர்த்தி வைக்கப்படும். அவள் மடித்த துண்டுகள் பிரிக்கப்பட்டு மறுபடி மடிக்கப்படும். ஜன்னலோரம் அவள் மாற்றி வைத்த உப்பு ஜாடி, குளித்துவிட்டு வருவதற்குள் அடுப்போரம் போய் உட்கார்ந்திருக்கும். இதற்கெல்லாம் சண்டை, சத்தம், சாடைப்பேச்சு எதுவும் கிடையாது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அத்தை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இரண்டாவது அத்தை இருப்பது இணையத்தில். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஊர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் 'மெய்ப்பு' என்ற பெயரில் பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குக் கைகொடுப்பதும் அவர்தான். படம் ஏற்றத் தெரியாதவர், சான்று என்றால் என்னவென்று புரியாதவர், தன் சொந்த சித்தப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு அதை ஏன் நீக்கினீர்கள் என்று மல்லுக்கு நிற்பவர், எல்லோருக்கும் அதே பொறுமையோடு பதில் சொல்வார். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டாலும் நூறாவது ஆளுக்கும் அது முதல் தடவை என்பதை அந்த அத்தை மறந்ததே இல்லை.

மருமகள் இந்த இரண்டாவது அத்தையிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சென்ற வாரமே பார்த்தோம். கல்யாணமான புதிதில், "எனக்கும் அதுல எழுதச் சொல்லிக்குடுங்க அத்தை" என்று ஆசையாகக் கேட்டாள். "அதுக்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேணும்மா. உனக்கு ஆஸ்பத்திரி வேலையே சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அத்தை கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஷம் வந்துவிட்டது. எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் ஆயிற்றே, 'கறுப்புவெள்ளை' என்று பெயர் வைத்துக்கொண்டு தானே ஒரு கணக்கு ஆரம்பித்தாள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தளமே ஒரு வழிகாட்டியை ஒதுக்கிவிடும். எத்தனையோ பேர் இருக்க, அவளுக்கு ஒதுக்கப்பட்ட பெயர் 'மெய்ப்பு'. தலையெழுத்து என்று கணக்கை மூடிவிடத்தான் போனாள். அதற்குள் வரவேற்புச் செய்தி வந்துவிட்டது.

"வருக, கறுப்புவெள்ளை. நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி. தயங்காமல் எழுதுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், எனக்குத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம்."

அன்று காலையில்தான் அவள் துடைத்த மேஜையை அத்தை மறுபடி துடைத்திருந்தார். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அந்த நாலு வரியைப் படித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அது என்று சொன்னால் இந்த அத்தை காணாமல் போய்விடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

அத்தையும் சும்மா இருக்கவில்லை. கறுப்புவெள்ளை என்றால் புகைப்படம் எடுக்கிற யாரோ ஒரு பையன் என்று தாமாக முடிவு கட்டிவிட்டார். "இன்னைக்கு நம்ம கறுப்புவெள்ளைத் தம்பி, எக்ஸ்ரே எடுக்கறவங்க போட்டுக்கற ஈயத்துணி மேலங்கி பத்தி எழுதியிருக்கு. என்ன பணிவு, என்ன அக்கறை. சொன்னதச் சொன்னபடி கேக்குது" என்று சாப்பாட்டு மேஜையில் புகழ்வார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். பணிவான அந்தத் தம்பி கழுவி வைத்த டம்ளரை அத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி கழுவப் போவார்.

இதற்கு நடுவில் வீட்டு விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் வேலை பார்க்கும் கணவன், அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தனிவீடு ஒன்று பார்த்து வைத்திருந்தான். 'உனக்குச் சரின்னா எனக்குச் சரி' என்று முடிவை அவளிடமே விட்டிருந்தான். அவளோ இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனாள். ஏன் இழுக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் தான் பேசுகிற அந்த ஓர் அத்தையை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அந்த வீட்டின் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

*

காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரு தையல்காரம்மா வந்தார். இடது முன்கையில் மாவுக்கட்டு. கட்டின் ஓரத்தைத் துப்பட்டாவால் மூடி மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் ஏன் என்று மருமகளுக்குப் புரிந்தது. லேசான துர்நாற்றம்.

"உள்ள என்ன போச்சும்மா?"

"குரோஷா ஊசி. சொல்லவே வெக்கமா இருக்கு."

கையைப் பலகையில் நேராக்கி வைத்துப் படம் எடுத்தாள். திரையில் எலும்பு வந்தது. அதற்குப் பக்கத்திலேயே கொக்கி முனையோடு முழு ஊசியும் வந்தது.

"அரிப்பு தாங்கல. மெதுவாத்தான் விட்டேன். கொக்கி உள்ள இருந்த பஞ்சுல மாட்டிக்கிச்சு. எடுக்கப் பாத்தா இன்னும் உள்ள போயிடுச்சு. வீட்ல சொன்னா திட்டு விழும்னு அப்படியே விட்டுட்டேன்."

"ஊசி விடலாம்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"போன்லதான் போட்டிருந்துச்சு. கண்ட இடத்துல இல்லம்மா, அந்தக் கலைக்களஞ்சியத்துல. வேணும்னா பாருங்க."

தையல்காரம்மா ஒற்றைக் கையால் போனைத் தடவி எடுத்துக் காட்டினார். 'மாவுக்கட்டு' என்ற கட்டுரை. நடுவில் 'பராமரிப்பு' என்று ஒரு பகுதி. உள்ளே அரித்தால் பின்னல் ஊசி போல முனை மழுங்கிய ஏதாவது ஒன்றை மெதுவாக விட்டுச் சொறிந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பகுதி முழுக்க ஒரு சான்றுகூட இல்லை.

அந்தத் தளத்தில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மருமகள் பார்த்தாள். மெய்ப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாமா பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த சமயத்தில், அத்தை எழுதிய முதல் கட்டுரை அது.

கட்டைப் பிரிக்கிற அறையிலிருந்து தையல்காரம்மா வலியில் முனகுவது கேட்டது. மருமகள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தாள். ஊசி கிடந்த இடம் நெடுகப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. கழுவி மருந்து போட்டால் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் சொன்னார்.

வெளியே வந்தவள், நடந்துகொண்டே போனை எடுத்து அந்தப் பகுதியை அப்படியே நீக்கினாள். ஏன் நீக்குகிறீர்கள் என்று ஒரு வரி எழுதக் கட்டம் ஒன்று வரும். அதை ஒருபோதும் காலியாக விடாதீர்கள், பார்க்கிறவருக்கு உங்கள் மனசு தெரியாது என்று மெய்ப்பு அவளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். எழுதத்தான் நினைத்தாள். அதற்குள் சக்கர நாற்காலியில் அடுத்த ஆளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கட்டத்தைக் காலியாக விட்டு அப்படியே அமுக்கிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்து பார்த்தபோது அவள் நீக்கியது திரும்ப முளைத்திருந்தது. ஊசி பழையபடி கட்டுரைக்குள் இருந்தது. அவளுடைய பேச்சுப்பக்கத்தில், ஆளுக்கு ஆள் செய்தி விட்டுப்போகிற அந்த இடத்தில், சிவப்பு முக்கோணத்தோடு ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது.

"காரணமின்றி உள்ளடக்கத்தை நீக்குவது விஷமச் செயல். தொடர்ந்தால் உங்கள் கணக்கு தடுக்கப்படும்."

கீழே கையொப்பம்: மெய்ப்பு.

அது தயாராக இருக்கிற வாசகம், ஒரே அமுக்கில் ஒட்டிவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். பெயரைக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருப்பார் என்றும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வீட்டில் தட்டை நிமிர்த்தி வைக்கிற அதே கை படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பு முழுக்க அலுப்புத்தான் வந்தது. இத்தனை நாள் யாரை நம்பி இந்த வீட்டில் இருந்தோம் என்று நினைத்தாள்.

மெய்ப்பின் பக்கத்துக்குப் போய் எழுதினாள்: "இதுவரை சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. இனி வரமாட்டேன்."

பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"வீட்ட முடிச்சிடுங்க."

"நெஜமாத்தான் சொல்றியா? நேத்து வரைக்கும் யோசிக்கணும்னியே."

"யோசிச்சாச்சு."

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"உங்கம்மா என்னைக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

"சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி உன்ன ஒரு தடவ கேட்டுட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்வேன். சரியா?"

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கூப்பிடுங்க."

*

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. வெள்ளிக்கிழமையில் இவ்வளவு சீக்கிரம் அச்சகத்திலிருந்து வருகிறவர் இல்லை அவர்.

மாமா கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது வரும், எப்போது முட்டிக்கொள்ளும் என்று பார்த்தே காலம் தள்ளியவர் என்பதால், வீட்டில் முட்டல் வரும் நேரமும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போதெல்லாம் செய்தித்தாளைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்வார்.

"உங்க அத்தை மூஞ்சி சரியில்ல. மத்தியானம் வந்ததுலருந்து கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கா. சாப்பிடவும் இல்ல" என்றார் தாழ்ந்த குரலில்.

"நான் என்ன மாமா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. அதான் நல்லது."

மருமகள் பையை மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டீ போட்டாள். சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது. கண்ணைக் கசக்கிய சிவப்பு தெரிந்தது. டம்ளரைப் பக்கத்தில் வைத்ததும் வழக்கம்போல அதை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கக்கூட இல்லை.

"இன்னைக்கு ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றார் அத்தை.

இந்த வீட்டில் இந்த வாக்கியத்தை மருமகள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அச்சகத்துல நாலஞ்சு நாளா ஒரே நெருக்கடி. கண்ணு ரெண்டும் எரியுது. நடுவுல போன்ல பாத்தேன், என்னோட கட்டுரையில யாரோ பெரிய துண்டா வெட்டியிருக்காங்க, ஏன்னு ஒரு வரி கெடையாது. புதுக்கணக்குன்னு வேற குறி காட்டுச்சு. சரி, வெளையாட வந்த ஆளுன்னு நெனச்சு, பேரக்கூடப் பாக்காம வெட்டினத திரும்பப் போட்டுட்டேன். எச்சரிக்கையும் ஒட்டிட்டேன். அப்புறம் பாத்தா நம்ம கறுப்புவெள்ளைத் தம்பி."

"ஓ" என்றாள் மருமகள்.

"ஓன்னா? அது இனி வரமாட்டேன்னு எழுதிட்டுப் போயிடுச்சு. ரெண்டு மணி நேரமா மன்னிப்பு எழுதி எழுதி அழிக்கிறேன். அதுக்கு முன்னாடி அது வெட்டினது சரியா தப்பான்னே எனக்குத் தெரியணும். நீ எக்ஸ்ரேல தானே இருக்க. மாவுக்கட்டுக்குள்ள அரிச்சா ஊசி விட்டுச் சொறியலாமா, கூடாதா?"

"கூடாது அத்தை. இன்னைக்குக்கூட..."

"முனை மழுங்கின ஊசிதான். நான் எழுதினதே..."

"எந்த ஊசியும் கூடாது."

"நான் என் கையால பண்ணியிருக்கேனே. மாமாவுக்கு நான்தான் ராத்திரி பகல்னு பாக்காம சொறிஞ்சு விட்டேன். அவருக்கு ஒண்ணும் ஆகலையே. கேட்டுப்பாரு."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. மாமாவின் முகம், பஸ் வராததற்குப் பயணிகளிடம் பதில் சொல்ல வேண்டிய முகமாக இருந்தது.

"புண்ணு ஆச்சு" என்றார்.

"என்னது?"

"கட்டு பிரிச்சப்ப உள்ள ஒரு புண்ணு இருந்துச்சு. டாக்டர் மருந்து போட்டாரு, ஆறிடுச்சு. தழும்பு இன்னும் இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தூங்காம கொள்ளாம பாத்துக்கிட்ட. அந்த ஊசியில நூல் சுத்தி, வழவழன்னு இருக்கான்னு உன் கன்னத்துல உரசிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவ. உன்கிட்டப் போயி, நீ பண்ணினதுலதான் புண்ணு வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? சொன்னாலும் நீ இல்லைன்னு சாதிப்ப. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பன்னிரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்ட களைப்பில் மாமா மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

மருமகள் தையல்காரம்மா விஷயத்தைச் சொன்னாள். ஊசி, பஞ்சு, நாற்றம், சீழ் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே படித்துவிட்டு அந்த அம்மா ஊசி விட்டார் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே பாவமாக இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துச் சொல்லி முடித்தாள்.

அத்தை கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, கட்டுரையைத் திறந்து, 'பராமரிப்பு' பகுதியைத் தன் கையாலேயே நீக்கினார். ஏன் என்று கேட்கிற கட்டத்தில் நிதானமாக எழுதினார்: "சான்று இல்லை. தவறு. தீங்கானது. எழுதியது நான்."

"அந்த அம்மாவுக்குக் கை சரியாயிடுமா?"

"ஆயிடும் அத்தை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க."

"வந்தா என்கிட்ட சொல்லு. நான் வந்து பாக்கணும்."

"சரி அத்தை."

அத்தை மறுபடி கணினிப் பக்கம் திரும்பி மன்னிப்பை எழுதினார். இந்தத் தடவை அழிக்கவில்லை. எழுதியதை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வயசு திடீரென்று கூடிவிட்டது போல இருந்தது மருமகளுக்கு. இந்த மனுஷியைப் பார்த்துப் பாவப்படும் நாள் வரும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

"படிக்குமோ என்னவோ" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமல். "போனவங்க திரும்பி வந்து பாக்கறதில்ல. எத்தனை பேர வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கேன் தெரியுமா? நல்லா எழுதிக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் பாத்தா ஆள் இருக்காது. நான் என்ன பண்ணினேன், வேற யாராவது ஏதாவது சொன்னாங்களா, ஒண்ணும் தெரியாது. இந்தத் தம்பியாவது வரமாட்டேன்னு ஒரு வரி எழுதிட்டுப் போச்சு."

'நான்தான் அது' என்று மருமகளுக்கு வாய் வரை வந்தது; வெளியே வரவில்லை.

அத்தை திடீரென்று கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ எழுதேன்."

"என்னத்த அத்தை?"

"இந்தப் பகுதிய. கட்டுக்குள்ள அரிச்சா என்ன பண்ணணும், நாத்தம் வந்தா எங்க போகணும்னு. உனக்குத்தான் தெரியுதே. சான்று எங்க கெடைக்கும்னு நான் தேடித் தர்றேன். அன்னைக்கே நீ கேட்ட, நான்தான் பெரிய இதுவாட்டம் பொறுமை வேணும் அது இதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். பொறுமைய யாருக்குச் சொன்னேன் பாரு. போனக் குடு, உனக்கு ஒரு கணக்கு ஆரம்பிச்சுத் தர்றேன்."

போன் மேஜைமேல்தான் இருந்தது. மருமகள் கொடுக்கும்வரை அத்தை காத்திருக்கவில்லை. ஒருநாளும் காத்திருந்ததில்லை. இந்த வீட்டில் யாருடைய போனுக்கும் பூட்டுக் கிடையாது என்பது அத்தை போட்ட சட்டம். தடுக்க வேண்டும் என்று மருமகளுக்குத் தோன்றியது. கை எழவில்லை. காலையிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்ததை இனியும் தூக்க முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது.

அத்தை தளத்தைத் திறந்தார். புதுக்கணக்கு ஆரம்பிக்கிற இடத்தைத் தேடி விரல் மேலே போனது. அங்கேயே நின்றது.

ஏற்கெனவே ஒரு கணக்கு திறந்திருந்தது. மேல் ஓரத்தில் 'கறுப்புவெள்ளை' என்று இருந்தது. பக்கத்தில் மணி ஒன்று, புதுச்செய்தி ஒன்று வந்திருக்கிறது என்று காட்டியது. சற்று முன்னால் அத்தை அனுப்பிய மன்னிப்புத்தான் அது.

அத்தை அந்தப் பெயரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தையை எழுத்து எழுத்தாக வாசிப்பார்கள். அத்தையின் உதடு அப்படித்தான் அசைந்தது.

"தம்பின்னு நெனச்சேன்" என்றார்.

"தெரியும் அத்தை."

"சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவேனே."

"ஆமா. சந்தோஷமா இருக்கும்."

மாமாவின் செய்தித்தாள் அசையவே இல்லை.

அத்தையின் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. வெட்கம் வந்தது தெரிந்தது. ஏமாற்றிவிட்டாள் என்ற கோபமும் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. கடைசியில் பயம் வந்து நின்றது. அத்தையிடம் பயத்தை மருமகள் பார்த்ததில்லை.

"வரமாட்டேன்னு எழுதினியே. அங்க மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு வசதியாகத்தான் கேள்வி இருந்தது. இந்த வீட்டில் எல்லோரும் அத்தையிடம் அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள், தழும்பை வேட்டிக்குள் மறைத்த மாமாவிலிருந்து.

"தனிவீடு பாத்திருக்கோம் அத்தை. ஆஸ்பத்திரி பக்கத்துல. மத்தியானம்தான் அவர்கிட்ட முடிச்சிடச் சொன்னேன்."

அத்தை தலையாட்டினார். போனை மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது ஒலித்தது. திரையில் கணவன் பெயர். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றவன் சொன்னபடி கூப்பிட்டுவிட்டான்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எடுத்துப் பேசு" என்றார் அத்தை. "நான் உன்ன இருன்னு கேக்க மாட்டேன். எனக்கு அந்த வாய் இல்ல. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பண்ணு. எதனாலன்னு சொல்லிட்டுப் போ. ஒருத்தரும் சொன்னதில்ல எனக்கு."

அத்தை எழுந்து, எதிரில் இருந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். மருமகள் உட்கார்ந்தாள். போன் ஒலித்து ஓய்ந்து, மறுபடி ஒலிக்க ஆரம்பித்தது. எடுக்கத்தான் கை போனது. எடுக்காமல் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியது அத்தனை இருந்தது.

"நான் எதையாவது சொல்ல ஆரம்பிச்சா..." என்றாள்.

அத்தையின் வாய் திறந்தது. பதில் ஏதோ நுனி நாக்கில் தயாராக நின்றது அப்பட்டமாகத் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

"...நீங்க அத முடிக்க விட்டதே இல்ல அத்தை."